காய்ச்சலில் வந்த ஃபிட்ஸ் குழந்தையின் மூளையையும் கவனத்தையும் பாதிக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் மகளுக்குப் பத்து மாதத்தில் காய்ச்சலோடு ஃபிட்ஸ் வந்தது. கண் மேலே சொருகி, கை கால் இரண்டு பக்கமும் இழுத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஒன்றரை வயதில் இன்னொரு தடவை, அதே மாதிரி. அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை ஒரு வலிப்பு சிரப் கொடுத்து வருகிறீர்கள். அதற்குப் பிறகு வலிப்பு இல்லை. இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. ஓரிடத்தில் உட்காருவதே இல்லை, கூப்பிட்டால் பல நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை, சளியும் காது வலியும் அடிக்கடி வருகிறது. "அந்த இழுப்பிலேயே மூளையில் ஏதோ ஆகிவிட்டது" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். காய்ச்சல் வலிப்பால் கவனக்குறைபாடு வரும் என்ற ஒரு செய்தி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் விவரித்த வகை வலிப்பு மூளை வளர்ச்சியைக் கெடுத்ததாகவோ கவனத்தைக் குலைத்ததாகவோ சொல்ல நல்ல ஆதாரம் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் வலிப்பைவிட என்னை யோசிக்கவைத்தவை வேறு இரண்டு: அந்த சிரப், அப்புறம் கூப்பிட்டால் திரும்பாதது. அவற்றுக்கும் வருகிறேன்.

காய்ச்சல் வலிப்பு என்பது 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு, மூளையிலேயே கிருமித் தொற்று எதுவும் இல்லாமல், வேறு காரணத்தால் வந்த காய்ச்சலோடு வரும் வலிப்பு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது, ஜப்பானில் இன்னும் கூடுதல். ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள்தான் மிக அதிகம். அந்த வயதில் மூளை செல்களைத் தூண்டிவிடும் பாதைகள் வேகமாக வளர்ந்துவிடுகின்றன, அடக்கிவைக்கும் பாதைகள் இன்னும் முழுசாக அமைவதில்லை. காய்ச்சலின்போது உடம்பில் சுரக்கும் இன்டர்லூக்கின் 1 பீட்டா போன்ற பொருட்கள் அந்தச் செல்களை மேலும் தூண்டுகின்றன. சூடு ஏறும்போது செல்களின் மேலுறையில் சோடியத்தை உள்ளே விடும் வாயில்களின் போக்கும் மாறுகிறது. இதற்கு மேல் பரம்பரை ஒரு பங்கு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். பாட்டி தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். "உனக்கும் இரண்டு தடவை வந்ததே" என்று அப்போதுதான் சொல்வார்கள்.

மருத்துவர்கள் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். உடம்பு முழுக்க இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்தில் ஒரே தடவை வந்தால் அது எளிய வகை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ சிக்கலான வகை. இந்தப் பிரிவு ஏதோ ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம், கீழே சொல்லப்போகும் எல்லாம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு வந்த இரண்டும், நீங்கள் எழுதியபடி பார்த்தால், எளிய வகை. இரண்டாவது தடவை வந்ததே ஒரு கெட்ட அறிகுறி என்றும் பயப்பட வேண்டாம். முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வரும். மூளை சேதமாகிவிட்டதால் மறுபடி வருவதில்லை, சீக்கிரம் ஆரம்பித்துவிட்டதால் இன்னும் கடக்க வேண்டிய காலம் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

பெற்றோர் பலரை வருஷக்கணக்கில் உறுத்துவது உதடு நீலமான அந்தக் காட்சி. "மூச்சே இல்லை டாக்டர், மூளைக்கு ஆக்சிஜன் போயிருக்காதே" என்பார்கள். வலிப்பின்போது நெஞ்சுத் தசைகளும் இறுகுவதால் மூச்சு சீராக இருக்காது, உதடு கறுத்துத்தான் போகும். ஆனால் அதே நேரத்தில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் வழக்கத்தைவிடக் கூடுகிறது. வேலை செய்கிற மூளைக்குத் தேவையான ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் உடம்பு இப்படித்தான் ஈடுகட்டுகிறது. சில நிமிட வலிப்பில் இந்த ஈடுகட்டல் தாக்குப்பிடிக்கும். அரை மணி நேரத்தை நெருங்கும்போதுதான் அது தளர ஆரம்பிக்கிறது. நேரத்தைக் கவனியுங்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான். அப்புறம், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரத்தைத்தான் நம்பலாம்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை பிறந்த சுமார் 54,000 குழந்தைகளைக் கருவில் இருந்தே தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய திட்டம் இருந்தது. அதில் காய்ச்சல் வலிப்பு வந்தவர்கள் 1,706 பேர். கேரின் நெல்சன், ஜோனஸ் எலன்பெர்க் இருவரும் இவர்களின் தகவலை ஆராய்ந்து 1976-லும் 1978-லும் வெளியிட்டார்கள். அதில் எனக்கு மிகப் பிடித்தது அவர்கள் ஒப்பிட்ட விதம். வலிப்பு வந்த குழந்தையை யாரோ ஒரு குழந்தையோடு ஒப்பிடாமல், அதன் கூடப் பிறந்த, வலிப்பு வராத அண்ணன், அக்கா, தம்பி, தங்கையோடு ஒப்பிட்டார்கள். 431 ஜோடிகள். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஏறக்குறைய ஒரே வளர்ப்பு. வித்தியாசம் இருந்தால் அது வலிப்பால்தான் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனை செய்தபோது, வலிப்புக்கு முன்பே வளர்ச்சி சரியாக இருந்த குழந்தைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லை.

அடுத்தது பிரிட்டன். 1970 ஏப்ரலில் ஒரு வாரத்தில் பிறந்த குழந்தைகளை எல்லாம் தொடர்ந்தார்கள். காய்ச்சல் வலிப்பு வந்த 381 பேரைப் பத்து வயதில் பள்ளிப் படிப்பு, அறிவுத்திறன், நடத்தை என்று பல அளவுகளில் மற்றவர்களோடு ஒப்பிட்டு 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். சிக்கலான வகை வந்தவர்கள் உட்பட, மொத்தத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவேதான் இருந்தார்கள். கவனத்தை மட்டும் தனியாகப் பார்த்தது தைவானின் தைனான் ஆய்வு. காய்ச்சல் வலிப்பு வந்து பள்ளி வயதை எட்டிய குழந்தைகளுக்குக் கவனச் சோதனைகள் வைத்ததில், அவர்கள் வலிப்பு வராத பிள்ளைகளைவிடக் குறைவாகச் செய்யவில்லை.

பிரிட்டன், தைவான் குழுக்களின் ஆய்வுகளில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் மகளுக்குப் பத்து மாதத்தில் வந்திருப்பதால் அதை மறைத்துவிட்டுப் போவது நியாயமில்லை. பிரிட்டிஷ் ஆய்வில், முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்தவர்களில் சிறப்புப் பள்ளி தேவைப்பட்டவர்களின் பங்கு, அதற்குப் பிறகு வந்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. தைவான் குழுவின் அடுத்த ஆய்வில், ஒரு வயதுக்குள் வந்தவர்களுக்கு நினைவுத்திறன் சோதனைகளில் சற்றுத் தடுமாற்றம் தெரிந்தது. ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் திறன் இருக்கிறதே, அந்த வகை நினைவு. கவனத்துக்கு அது மிக நெருக்கமான உறவு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? இரண்டிலும் இந்த வயதுக் குழு மிகச் சிறியது. அதைவிட முக்கியமாக, வளர்ச்சியில் ஏற்கெனவே ஏதோ ஒரு சிக்கலோடு பிறந்த குழந்தைகளுக்கும் மரபணு சார்ந்த வலிப்பு நோய் இருப்பவர்களுக்கும் காய்ச்சல் வலிப்பு சீக்கிரம் தொடங்கிவிடும். ஆகவே ஒரு வயதுக்குள் வந்தவர்கள் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் அதிகமாகவே கலந்திருப்பார்கள். என் கணிப்பு, அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தக் கலப்பிலிருந்து வருகிறது. எனவே நீங்கள் பார்க்க வேண்டியது: பத்து மாதத்துக்கு முன் அவள் தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, முகம் பார்த்துச் சிரித்தது எல்லாம் நேரத்துக்கு நடந்ததா? வலிப்புக்குப் பிறகு கற்றுக்கொண்ட எதையாவது மறந்தாளா? முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்றால், அந்தச் சிறு கூட்டத்தின் கணக்கை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. வளர்ச்சியைக் கவனமாகத் தொடர்ந்து பாருங்கள், அது போதும்.

நீண்ட வலிப்பின் கதை வேறு. அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் காய்ச்சல் வலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஃபெப்ஸ்டாட் என்ற ஆய்வு நடந்தது. சில நாட்களுக்குள் எம்ஆர்ஐ எடுத்தபோது 22 குழந்தைகளிடம், அதாவது சுமார் 11.5 சதவீதத்தினரிடம், ஹிப்போகாம்பஸ் பகுதியில் வீக்கம் போன்ற மாற்றம் தெரிந்தது. புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி அது. ஒப்பீட்டுக்காக எளிய வலிப்பு வந்த 96 குழந்தைகளின் ஸ்கேனையும் பார்த்தார்கள். ஒருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. மாற்றம் இருந்த 22 பேரில் 14 பேருக்கு ஒரு வருடம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்ததில், 10 பேரிடம் அந்தப் பகுதி சுருங்கித் தழும்பாகியிருந்தது. லண்டனில் நடந்த இன்னொரு ஆய்வில், நீண்ட வலிப்புக்குப் பிறகு குழந்தைகளுக்கு ஒரு முகப்படத்தைக் காட்டி, ஐந்து நிமிடம் கழித்து அதை அடையாளம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். மற்றக் குழந்தைகள் பழைய முகத்தை விட்டுப் புது முகத்தை அதிக நேரம் பார்த்தார்கள், அதாவது பழையது நினைவில் இருக்கிறது. நீண்ட வலிப்பு வந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்தும் அப்படியே.

எலிக்குட்டிகளில் நடந்த ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. கலிஃபோர்னியாவில் டாலி பாராம் குழுவினர் உடல் சூட்டை ஏற்றி நீண்ட வலிப்பை வரவழைத்துப் பார்த்தார்கள். செல்கள் கூட்டமாகச் செத்துப்போகவில்லை. ஆனால் ஹிப்போகாம்பஸ் செல்களின் மின்வாயில்கள் சில நிரந்தரமாக மாறி, அந்தப் பகுதி எளிதில் தூண்டப்படுவதாக ஆகிவிட்டது. "சேதம்" என்றதும் செல் சாவதை மட்டும் நினைக்கிறோம். செல் உயிரோடு இருந்துகொண்டே அதன் நடத்தை மாறலாம். இந்த மாதிரி முடிவுகளை யாராவது பகிர்ந்து "காய்ச்சல் வலிப்பு நினைவைப் பாதிக்கும்" என்று எழுதினால், எத்தனை நிமிட வலிப்பைப் பற்றிய பேச்சு என்று முதலில் பாருங்கள். இவ்வளவு நீளும் வலிப்பு, காய்ச்சல் வலிப்புகளில் 20-ல் ஒன்று அளவுக்குத்தான்.

கவனக்குறைபாடு, அதாவது ஏடிஎச்டி, பற்றி நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பயமுறுத்திய செய்தி டென்மார்க் ஆய்விலிருந்து வந்திருக்க வேண்டும். அங்கே 1990 முதல் 2007 வரை பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து, 2016-ல் வெளியிட்டார்கள். காய்ச்சல் வலிப்பு வந்தவர்களிடம் ஏடிஎச்டி 28 சதவீதம் கூடுதல். தைவானின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வும் இதே திசையில், இன்னும் கொஞ்சம் பெரிய எண்ணைச் சொன்னது. 28 சதவீதம் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. சாதாரணமாக 100 பிள்ளைகளில் 5 பேருக்கு ஏடிஎச்டி என்று வைத்துக்கொண்டால், அது ஆறிலிருந்து ஏழுக்குள் ஆகிறது. மீதி 93 பேருக்கு மேல் எதுவும் இல்லை. அதே டென்மார்க் ஆய்வில், காய்ச்சல் இல்லாமலே திரும்பத் திரும்ப வலிப்பு வரும் எபிலெப்சி இருந்தவர்களிடம் வாய்ப்பு 2.7 மடங்கு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது.

அந்தச் சிறு கூடுதலும் வலிப்பால்தானா என்பது தனிக் கேள்வி. குறைமாதத்தில் பிறப்பது, எடை குறைவாகப் பிறப்பது இரண்டும் காய்ச்சல் வலிப்பின் வாய்ப்பையும் கூட்டுகின்றன, கவனக்குறைபாட்டின் வாய்ப்பையும் கூட்டுகின்றன. பரம்பரைக் கூறுகளும் அப்படிச் சேர்ந்து வரலாம். பதிவேடுகளை மட்டும் பார்க்கும் ஆய்வில் இன்னொன்றும் உண்டு: வலிப்புக்காக ஒரு தடவை நரம்பியல் மருத்துவரிடம் போன குழந்தை, அதன்பின் மருத்துவர் கண்ணில் அதிகம் படுகிறது, மற்றப் பிள்ளையிடம் விட்டுவிடுகிற குறும்பு இங்கே பெயர் சூட்டப்பட்டுப் பதிவாகிறது. நேரில் உட்கார்ந்து சோதித்த ஆய்வுகளில் கவனக் குறைவு தெரியாததும், பதிவேட்டு ஆய்வுகளில் தெரிவதும் இதனால் ஓரளவு புரியும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்த ஆய்விலும், காய்ச்சல் வலிப்புக்கும் நடத்தைப் பிரச்சினைக்கும் தொடர்பு காணவில்லை. ஆனால் பல தடவை வலிப்பு வந்த குழந்தைகளில் சொல்வளம் பின்தங்குவது கூடுதலாக இருந்தது. ஆகவே உங்கள் மகள் எத்தனை சொற்களைக் கோத்துப் பேசுகிறாள் என்று கவனியுங்கள் என்பேன். ஆடி ஓடுவதைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.

காய்ச்சல் வலிப்பையும் கவனத்தையும் இணைக்கிற, பலரும் கவனிக்காத ஒரு கண்ணி இரும்புச்சத்து. இந்தியா உட்படப் பல நாடுகளின் ஆய்வுகளில், காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளிடம் இரும்புச்சத்துக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அதே குறைபாடு, வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும், தானாகவே மூளை வளர்ச்சியைத் தொடுகிறது. நரம்புகளைச் சுற்றிய மயலின் உறை உருவாகவும், கவனத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சரியாக வேலை செய்யவும் இரும்பு தேவை. வலிப்பு மேல் பழி போட்டுக்கொண்டு, உண்மையில் குணப்படுத்தக்கூடிய இதை வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போது எடுக்க வேண்டும்.

சரி, சிரப். பெயரை நீங்கள் எழுதவில்லை. அது ஃபீனோபார்பிட்டோனாக இருந்தால், நீங்கள் சொல்லும் பரபரப்புக்கு அதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெரியவர்களுக்குத் தூக்கம் வரவழைக்கும் இந்த மருந்து, சின்னக் குழந்தைகள் பலரிடம் நேர்மாறாக வேலை செய்கிறது: துறுதுறுப்பு, எரிச்சல், தூக்கக் கலைச்சல். 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதில் கண்ணைத் திறந்தது. காய்ச்சல் வலிப்பு வந்த, 8 மாதம் முதல் 3 வயது வரையிலான 217 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஃபீனோபார்பிட்டோன், மறுபாதிக்கு ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்து எதுவும் இல்லாத போலி மருந்து. இரண்டு வருடம் கழித்து மருந்துக் குழுவின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 8.4 புள்ளி குறைவு. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்தும் 5.2 புள்ளி குறைவு. வலிப்பாவது குறைந்ததா என்றால், அதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூளையைக் காப்பாற்றத்தான் கொடுத்தார்கள். வலிப்பு செய்யாததை மருந்து செய்துவிட்டது.

இந்தக் காரணத்தால்தான் எளிய காய்ச்சல் வலிப்புக்குத் தினசரி மருந்து வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2008-ல் தெளிவாகச் சொன்னது. வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து வலிப்பைக் குறைக்கும், ஆனால் இந்த வயதில் கல்லீரல் ஆபத்து இருக்கிறது. தானாகவே கடந்துபோகும் ஒன்றுக்கு அந்த விலை அதிகம். காய்ச்சல் வரும் இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் குளோபசாம் என்ற வலிப்பு மருந்தைக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அடிக்கடி வருபவர்களுக்கும் நீண்ட வலிப்பு வந்தவர்களுக்கும் அதை யோசிக்கலாம். அந்த நாட்களில் குழந்தை தள்ளாடும், சிணுங்கும், தூங்கி வழியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இதைப் படித்துவிட்டு நாளைக் காலை சிரப்பை நிறுத்திவிடாதீர்கள். ஃபீனோபார்பிட்டோனைத் திடீரென நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம். மருத்துவரிடம் "இரண்டும் எளிய வகைதானே, இது இன்னும் தேவையா, படிப்படியாகக் குறைக்கலாமா" என்று கேளுங்கள். வேறு காரணத்துக்காக எழுதியிருந்தால் அவர் சொல்வார்.

காய்ச்சல் மருந்து பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் குழந்தையின் வேதனையைக் குறைக்கும், அதற்காகக் கொடுங்கள். அடுத்தடுத்த காய்ச்சல்களில் வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி, இரவு முழுக்க அலாரம் வைத்துக் கொடுக்க வேண்டாம். பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியவருகிறது. "நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்" என்ற குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. தூக்கம் வரவழைக்கும் வகை சளி சிரப்புகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றிலுள்ள ஆன்டிஹிஸ்டமின்கள் என்ற ஒவ்வாமை மருந்துகள் வலிப்பை நீளச்செய்யலாம் என்று, காய்ச்சல் வலிப்பு அதிகம் பார்க்கும் ஜப்பானின் வழிகாட்டியே எச்சரிக்கிறது. எம்எம்ஆர் தடுப்பூசிக்குப் பின் ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வருவது உண்மைதான். அதன் பின்விளைவும் மற்றக் காய்ச்சல் வலிப்பைப் போலத்தான், தடுப்பூசியை விட்டுவிட அது காரணம் ஆகாது.

கூப்பிட்டால் திரும்பவில்லை என்றீர்களே, அதை நான் முதலில் காதோடு சேர்த்துப் பார்ப்பேன். அடிக்கடி சளி, காது வலி என்று எழுதியிருக்கிறீர்கள். நடுக்காதுத் தொற்று, காய்ச்சல் வலிப்போடு வரும் காய்ச்சல்களுக்கு ஒரு வழக்கமான காரணம். தொற்று போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருக்கும். வலி இருக்காது. பக்கத்தில் பேசினால் கேட்கும், பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டால் கேட்காது. பார்ப்பவர்களுக்குக் கவனமில்லாத பிள்ளை மாதிரித் தெரியும். கேட்கும் திறன் சோதனையும், செவிப்பறை அசைவைப் பார்க்கும் சின்னச் சோதனையும் செய்துவிடுங்கள். காது சரியாக இருந்தும் பெயர் சொன்னால் திரும்பவில்லை, விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, கண் பார்த்துப் பேசுவதில்லை என்றால் ஆட்டிசம் பற்றிய மதிப்பீடு வேண்டும். அதற்கும் வலிப்பு வந்த நாளுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம்.

மூன்று வயதில் கவனம் என்பதை எதிர்பார்ப்பதிலேயே நாம் கொஞ்சம் பேராசைப்படுகிறோம். ஏடிஎச்டி என்று நான்கு வயதுக்கு முன் பொதுவாக முத்திரை குத்துவதில்லை. நான் என் அறையில் பார்ப்பது எளிய விஷயம். குழந்தை உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் தொடும், மேசையைச் சுற்றி ஓடும், அம்மா "பாருங்க டாக்டர், இப்படித்தான்" என்பார். நான் பேசிக்கொண்டே ஒரு மூடி போட்ட டப்பாவை அதன் பக்கம் தள்ளிவிடுவேன். சில குழந்தைகள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பல குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, மூடியைத் திருகி, வராவிட்டால் மறுபக்கம் திருகி, கடைசியில் என் கையில் கொண்டுவந்து நீட்டும். அந்த நீட்டலில் கவனமும் இருக்கிறது, விடாமுயற்சியும் இருக்கிறது, உதவி கேட்கும் அறிவும் இருக்கிறது. அதற்கு முன் ஓடிய ஓட்டமெல்லாம் எனக்குப் பெரிதில்லை. வீட்டிலும் இப்படிப் பாருங்கள், அவளுக்குப் பிடித்த வேலையில், திரை எதுவும் ஓடாத நேரத்தில். கைபேசியில் அரை மணி நேரம் அசையாமல் இருப்பதைக் கவனத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. வலிப்பு வந்த குழந்தையை வீடே வேறு மாதிரி வளர்க்க ஆரம்பித்துவிடுகிறது. அழவிடக்கூடாது, ஓடவிடக்கூடாது, கேட்டதை உடனே கொடுத்துவிட வேண்டும், ராத்திரியெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்து எழுப்பிவிட வேண்டும். தூக்கம் கெட்ட குழந்தையும், காத்திருக்கவே பழகாத குழந்தையும் பகலில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரைக் குறை சொல்லவில்லை. பிள்ளை கையில் விறைத்துப்போனதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் ஆவார்கள். ஆனால் மகளின் பரபரப்பில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறதா என்று யோசிக்கலாம்.

ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எளிய வகைக்கு இரண்டும் தேவையில்லை. இஇஜியில் ஏதாவது சிறு கோளாறு தெரிந்தாலும் அதை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது, புதுக் கவலைதான் மிஞ்சும். பிற்காலத்தில் எபிலெப்சி வரும் வாய்ப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் 100-ல் 1 என்ற அளவில் இருக்கும்போது, எளிய வகை வந்தவர்களுக்கு 2-ஐ ஒட்டி இருக்கிறது. சிக்கலான அம்சங்கள் சேரச் சேரத்தான் அது ஏறும்.

எப்போது கதை மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு நின்று ஒரு மணி நேரமாகியும் குழந்தை தெளியவில்லை, கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, தொடர் வாந்தி, ஒரு பக்கம் பலவீனம்: இவை இருந்தால் மூளைக்காய்ச்சல் அல்லது மூளை உறைத் தொற்று இல்லை என்று உறுதிசெய்தே ஆக வேண்டும். மூளையையும் கவனத்தையும் உண்மையிலேயே சிதைப்பவை அந்தத் தொற்றுகள். பழைய தலைமுறையில் "இழுப்பு வந்து புத்தி மட்டுப்பட்டுவிட்டது" என்று சொல்லப்பட்ட கதைகளில் எத்தனையோ, இந்தத் தொற்றுகள் கண்டுபிடிக்கப்படாமல் போனவையாக இருக்கும். அதேபோல் ஒரு வயதுக்குள் திரும்பத் திரும்ப, நீண்ட நேரம், ஒரு தடவை வலப்பக்கம் அடுத்த தடவை இடப்பக்கம் என்று வருவதும், லேசான காய்ச்சலுக்கோ வெந்நீர்க் குளியலுக்கோ வருவதும் டிராவே நோய்க்குறியாக இருக்கலாம். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் மாற்றத்தால் வருவது, இரண்டாம் வயதில் வளர்ச்சி தளர ஆரம்பிக்கும், வழக்கமான வலிப்பு மருந்துகளில் சில அதை மோசமாக்கும். உங்கள் மகளின் விவரத்தில் இந்தச் சாயல் எதுவும் இல்லை.

மறுபடி வந்தால் செய்ய வேண்டியது: தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் விரல், ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம், இழுக்கும் கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், முடிந்தால் யாராவது கைபேசியில் படமெடுக்கட்டும். ஐந்து நிமிடத்தைத் தொட்டால் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே, ஆம்புலன்ஸ். அந்த ஸ்ப்ரே வீட்டில் இருக்கலாமா, அவள் எடைக்கு எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்பதை அடுத்த முறை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிரப் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள், ஃபெரிட்டினும் கேட்கும் திறன் சோதனையும் அதே நாளில் கேட்டுவிடலாம். சிரப்பைக் குறைக்க ஆரம்பித்தால், அதற்கு முந்தைய வாரமும் நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் அவள் எப்படி உட்கார்கிறாள், தூங்குகிறாள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். மாற்றம் தெரிந்தால் இங்கேயே வந்து சொல்லுங்கள்.